கொய்யா மரத்தில் தொங்கிய பேட்ஜ்

"மரத்துல ஆணி மட்டும் அடிச்சிராத, ஏட்டி" என்றார் செல்வினின் அம்மா. பச்சை மரத்தில் ஆணி இறங்கினால் காய் கசந்துபோகும் என்பது அவருடைய நம்பிக்கை. ஆணி வேண்டாம், கயிறு போதும் ஆன்ட்டி என்று சொல்லிவிட்டு அளவு நாடாவை எடுத்தேன்.

ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பில் கடைசி வரிசை வீடு அது. பின்பக்கம் துணி துவைக்கும் கல், அதற்கு அப்பால் ஒரு கொய்யா மரம், மரத்தைச் சுற்றி உதிர்ந்த பழங்களின் புளித்த வாசனை. தரையிலிருந்து சரியாக ஒரு மீட்டர் அளந்து, அடிமரத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். அந்தக் கோட்டில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சின்னப் பட்டையை, நாங்கள் பேட்ஜ் என்று சொல்வதை, வைத்து நைலான் கயிற்றால் சுற்றிக் கட்டினேன்.

செல்வின் ஷிப்ட் முடிந்து வந்தவன், முகம் கழுவாமல் அப்படியே பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கையில் கிரீஸ் வாசனை.

"இன்னா மேரி இது, மரத்துக்குத் தாயத்து கட்றியா?"

"ஆமா. உங்க மரத்துக்குக் கண்ணு பட்டுடுச்சாம்."

"சும்மா சொல்லு. இது இன்னா பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது. இங்கயே தொங்கும். கதிர்வீச்சு எது வந்தாலும் வாங்கி வச்சிக்கும். மூணு மாசம் கழிச்சு லேப்ல சூடு பண்ணினா, வாங்கினது மொத்தத்தையும் சொல்லிடும்."

"நான் வந்து பக்கத்துல நின்னா சொல்லுமா?"

"நீ என்ன யுரேனியமா? உன்னையெல்லாம் அது கண்டுக்காது."

அவன் நெஞ்சில் கை வைத்து, பெரிய அவமானம் நடந்ததைப் போல முகத்தைத் தூக்கிக்கொண்டான். அவன் அம்மா ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த மாலை வெயில் இப்போதும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். சரியான தேதியைச் சொல்ல என்னால் முடியாது, அன்று அவன் போட்டிருந்த சட்டையின் கட்டத்தைச் சொல்லிவிடுவேன்.

பால் வாங்கும் உத்தியோகம்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் பிரிக்கிறவர்களுக்கு இரண்டு வரி. நான் ஆரோக்கியமேரி. பிறந்து வளர்ந்தது அதே ஆவடி குடியிருப்பில். அப்பா அந்தத் தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் படித்து முடித்து, கடற்கரையில் இருந்த ஓர் அணுமின் நிலையத்தின் சுற்றுச்சூழல் ஆய்வகத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். செல்வின் என்பது மாற்றி வைத்த பெயர். அவனும் எங்கள் குடியிருப்புப் பிள்ளைதான், அதே தொழிற்சாலையில் லேத் மெஷினில் இருந்தான்.

அணுமின் நிலையம் என்றதும் எல்லோரும் என்னை வெள்ளை அங்கியில், முகமூடி போட்டு கற்பனை செய்துகொள்வார்கள். நான் செய்த வேலையில் பாதி, பால் வாங்குவது.

நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலும், ஒப்பிட்டுப் பார்க்கத் தொலைவில் பூந்தமல்லிப் பக்கத்து ஊர்களிலும் பால், தண்ணீர், மண், மீன், கீரை என்று எல்லாவற்றையும் எடுத்து வந்து அதில் கதிரியக்கம் ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பார்ப்போம். புல்லில் படிவது மாட்டுக்குப் போகும், மாட்டிலிருந்து பாலுக்கு வரும். முக்கியமாக நாங்கள் தேடியது அயோடினை. சாப்பாட்டு உப்பில் இருப்பது இல்லை, உலையில் உண்டாகிற கதிரியக்க அயோடின். அது உடம்புக்குள் போனால் நேராகக் கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அதனால் ஆட்டுத் தைராய்டும் வாங்குவோம். குமணன்சாவடியில் ஒரு கறிக்கடைக்காரர், நான் கேட்டதும் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"எல்லாம் ஈரல் கேப்பாங்க, மூள கேப்பாங்க. நீ இன்னாமா, தொண்டையாண்ட கீற கட்டிய கேக்குற? மருந்துக்கா?"

எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை. நானே ஆட்டின் மூச்சுக்குழாயில் விரலை வைத்துக் காட்டினேன். அதற்குப் பிறகு எனக்காக எடுத்து வைக்க ஆரம்பித்தார். கண்ணைக் கட்டிவிட்டால்கூட ஒரு கழுத்தில் அந்தச் சுரப்பி இருக்கும் இடத்தை நான் தொட்டுச் சொல்வேன். இதை ஏன் இப்படிப் பெருமையாகச் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

மாங்காட்டில் பால் தருகிற அம்மாவுக்கு என் மேல் கடைசி வரை சந்தேகம் தீரவில்லை. "இன்னாமே, எம் பால்ல தண்ணி கீதான்னு பாக்கத்தான வந்துகினுக்கீற?" என்பார். தண்ணீரைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை என்று மாதாமேல் சத்தியம் செய்தேன். அடுத்த வாரம் பால் கொஞ்சம் தண்ணியாகவே வந்தது.

இந்த ஓட்டங்களுக்கெல்லாம் ஜீப் ஓட்டியவர் நாகராஜ் அண்ணன். பூந்தமல்லிக்காரர். பேச்சை நிறுத்த பிரேக் கிடையாது.

ஜீப்பில் போன காதல்

ஒரு உண்மையை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

நிலையத்தைச் சுற்றி அளந்தால் மட்டும் போதாது. தொலைவில், நிலையத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்திலும் அளக்க வேண்டும். மண்ணிலும் பாறையிலும் வானத்திலிருந்தும் எல்லா ஊரிலும் கொஞ்சம் கதிர்வீச்சு எப்போதும் இருக்கும். அந்தச் சாதாரண அளவு தெரிந்தால்தான், கூடியிருக்கிறதா என்று ஒப்பிட முடியும். ஒப்பிடுவதற்கான அந்த இடத்தை நாங்கள் கன்ட்ரோல் என்போம்.

புதிதாக ஒரு கன்ட்ரோல் இடம் வேண்டும் என்று எங்கள் சீனியர் கேட்டபோது, ஆவடி நல்ல இடம் சார், எனக்குத் தெரிந்த வீடு, பாதுகாப்பான காம்பவுண்ட், யாரும் பேட்ஜைத் திருட மாட்டார்கள் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். தொலைவு சரியாக இருந்தது. காற்றடிக்கும் திசை சரியாக இருந்தது. விதிப்படி எல்லாமே சரியாக இருந்தது. அந்த வீட்டில் செல்வின் இருக்கிறான் என்பதைக் கேட்க விண்ணப்பத்தில் இடம் இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேட்ஜை மாற்ற வேண்டும். நடுவில் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை, நானே சொல்லிக்கொண்டேன். ஜீப் குடியிருப்பு கேட்டைத் தாண்டும்போது நாகராஜ் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தொண்டையைக் கனைப்பார்.

"மேடம், கொய்யா மரத்துக்கு ஒடம்பு எப்டி கீதோ?"

"ஓட்டுங்கண்ணா பேசாம."

செல்வின் நான் போகும்போதெல்லாம் பழம் பறித்து வைத்திருப்பான். கடித்துப் பார்த்து, புழு இல்லை என்று உறுதி செய்து, கடித்த பழத்தையே நீட்டுவான். நான் திட்டிக்கொண்டே சாப்பிடுவேன். டிசம்பர் வந்தால், வீடு வீடாகப் போய்ப் பாடும் அவர்கள் சர்ச் கேரல்ஸ் குழுவுக்கு அவன்தான் பெட்ரோமாக்ஸ் விளக்குக்குப் பொறுப்பு. விளக்குகள் எல்லாம் அவன் வீட்டுப் பின்பக்கம்தான் இருக்கும். பம்ப் அடித்து, மேண்டில் என்கிற வலைத்திரியை மாட்டி, அது வெள்ளையாகப் பற்றிக்கொள்ளும் வரை கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பான். இத்தனை வருடத்தில் எவ்வளவோ பேரைப் பார்த்துவிட்டேன், அப்படிக் கண்ணைச் சுருக்கிய ஒருவரும் எனக்கு அவ்வளவு அழகாகத் தெரியவில்லை.

அம்மா சொன்னது

அவர்கள் தென்கோடிச் சீமையிலிருந்து வந்தவர்கள், புராட்டஸ்டண்டு. நாங்கள் கத்தோலிக்கர். அதுதான் தடையாக இருக்கும் என்று நினைத்து, நான் அதற்கான பதில்களையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவன் அம்மா என்னைக் கேட்டது வேறு கேள்வி.

"ஏட்டி மேரி, நீ நல்ல பிள்ளதான். செபமாலக்காரியா இருந்தாலும் இருந்துட்டுப் போறான்னு நான் மனசத் தேத்திட்டேன். ஆனா அணுவுல வேல பாக்கவளுக்குப் பிள்ள தங்காதுன்னு சொல்லுதாவ. எனக்கு ஒத்த ஆம்பளப் பிள்ளைல்லா?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. எங்கள் கழுத்திலும் சட்டையிலும் பேட்ஜ் இருக்கிறது, ஒவ்வொரு மாதமும் அளக்கிறார்கள், நான் வேலை செய்யும் அறையில் இருப்பது பாலும் மண்ணும்தான், எங்கள் லேபில் எத்தனை பேருக்குக் குழந்தைகள் இருக்கின்றன தெரியுமா என்று ஒரு வகுப்பே எடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரிதான்" என்று சொல்லி, காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"அம்மாவ நான் பாத்துக்கறேன். எனக்குக் கொஞ்சம் டைம் குடு" என்றான் செல்வின். நான் கொடுத்தேன். அந்தச் சமயம்தான் சட்டைக் காலர் பட்டனைக் கழுத்து வரை போட ஆரம்பித்தான். "என்ன, பாஸ்டர் ஆகப்போறியா?" என்று கிண்டல் செய்தேன். சிரித்தான். பட்டனை மட்டும் கழற்றவில்லை.

மழைக்காலம் தொடங்கிய ஒரு நாள் லேபுக்குப் போன் செய்தான்.

"விட்டுடு மேரி. இது சரிவராது."

"அம்மா ஒத்துக்கலையா?"

"அப்படியே வச்சிக்கோ."

"அப்படியே வச்சிக்கோன்னா? நீ என்ன சொல்ற? உனக்கு நான் வேணுமா வேணாமா?"

அவன் பதிலுக்குக் காத்திராமல் நான் போனை வைத்தேன். என் சுபாவம் அப்படி. இன்னும் ஒரு நிமிடம் பிடித்திருந்தால் என்ன சொல்லியிருப்பானோ என்று அதற்குப் பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். வேண்டாம் என்றது அம்மாவா, அவனா? அந்த ஒரு கேள்விதான் இத்தனை வருடமும் எனக்குள் கிடந்தது.

பெட்ரோமாக்ஸ் என்று எழுதினேன்

வருடக் கடைசிப் பேட்ஜை ஜனவரி முதல் வாரத்தில் எடுக்க வேண்டும். காதல் போனாலும் அளவு நிற்கக் கூடாது இல்லையா. ஆவடிக்குப் போனேன். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. தெருமுனையில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, புதுப் பேட்ஜை நாகராஜ் அண்ணன் கையில் கொடுத்து அனுப்பினேன்.

திரும்பி வந்தவர் வண்டியில் ஏறாமல் ஜன்னலோரம் நின்றார்.

"மேடம், அண்ணாத்த மரத்தாண்டதான் சேர் போட்டுக் குந்திகினு கீறாரு. கழுத்துல துண்டு சுத்திகினு. ஆளே எளச்சிப் பூட்டாரு. ஒரு எட்டு வந்து..."

"பேட்ஜ் எடுத்தீங்களா?"

"எடுத்துட்டேன். 'இத ஒழுங்கா படிக்கச் சொல்லு உங்க மேடத்த'ன்னாரு."

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. என்னை வேண்டாம் என்று சொன்னது போதாதென்று, என் வேலையை வேறு எனக்குச் சொல்லித்தருகிறானா? வண்டியை எடுங்கள் என்றேன்.

அந்தப் பேட்ஜைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் சின்னச் சின்ன வில்லைகள் இருக்கும். கருவியில் வைத்துச் சூடாக்கினால், மூன்று மாதம் வாங்கிச் சேர்த்ததையெல்லாம் மெல்லிய வெளிச்சமாக விட்டுவிடும். எவ்வளவு வெளிச்சமோ அவ்வளவு கதிர்வீச்சு. அந்தச் சூட்டில் பதிவும் அழிந்துபோகும். ஒரு தடவைதான் படிக்கலாம்.

படித்தேன். ஆவடி எப்போதும் காட்டுவதைப் போல இரண்டரை மடங்கு.

மூன்று வில்லையும் அதையேதான் சொன்னன. கருவியில் கோளாறு இல்லை. நிலையத்துப் பக்கத்து ஊர்கள் எல்லாம் வழக்கம்போல அமைதியாக இருக்கின்றன, தொலைவில் ஒன்றுமே இருக்கக் கூடாத கொய்யா மரம் மட்டும் துள்ளுகிறது. இப்படி வந்தால் செய்ய வேண்டியது என்ன என்று விதி தெளிவாகச் சொல்கிறது. கையில் மீட்டரோடு அந்த இடத்துக்குப் போக வேண்டும். சுற்றிலும் பார்க்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களிடம் இந்த மூன்று மாதத்தில் இங்கே புதிதாக என்ன நடந்தது என்று கேட்க வேண்டும்.

போவதற்கு என் ரோஷம் விடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. பழைய பெட்ரோமாக்ஸ் மேண்டிலில் தோரியம் இருக்கும். லேசான கதிரியக்கம் உள்ள பொருள். எங்கள் துறையில் இருக்கும் யாருக்கும் தெரிந்த விஷயம், வெளியில் யாருக்கும் தெரியாது. டிசம்பர் மாதம், கேரல்ஸ், அவன் வீட்டுப் பின்பக்கம், விளக்குகள். மேண்டில் பெட்டியை மரத்தடியில் வைத்திருப்பான். பொருத்தமாகத்தானே இருக்கிறது?

பதிவேட்டில் என் கையெழுத்தில் எழுதினேன்: "அருகில் பெட்ரோமாக்ஸ் மேண்டில்கள் வைக்கப்பட்டிருக்கலாம். இந்த அளவை நிராகரிக்கவும்." எண்ணின் மேல் ஒரு கோடு போட்டேன்.

ஒரு மேண்டில் பெட்டிக்கு அவ்வளவு சக்தி இல்லை என்று என் மூளையில் ஏதோ ஒரு மூலை அப்போதே சொன்னது. நான் கேட்கவில்லை. அடுத்த மூன்று மாதத்துப் பேட்ஜ் வழக்கமான அளவுக்கு இறங்கியது. பார்த்தாயா, பண்டிகை முடிந்தது, விளக்கு உள்ளே போனது என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். அத்தோடு சீனியரிடம் சொல்லி கன்ட்ரோலை ஐயப்பன்தாங்கலில் பஸ் டெப்போவுக்குப் பின்னால் வேறு ஒரு வீட்டுக்கு மாற்றினேன். அந்த வீட்டில் மரம்கூட இல்லை, ஒரு கம்பம்தான்.

சில மாதங்களில், செல்வின் வடக்கே மலையோரம் இருக்கும் ஒரு தொழிற்சாலைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

ஜெபா வந்தாள்

இப்போது நான் குமணன்சாவடியில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறேன். அணுமின் நிலைய வேலையை விட்டாகிவிட்டது. அம்பத்தூரில் தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு சின்ன லேபுக்குப் போகிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவனுக்காக என்று சொன்னால் பொய், அவனால் இல்லை என்று சொன்னாலும் பொய்.

சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் ஆவடி குடியிருப்பைப் பற்றி எழுதியபோது, கடைசி வரிசை வீட்டுக் கொய்யா மரத்தைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, பத்திரிகை மூலமாக என் எண்ணைக் கேட்டு வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் ஜெபா வந்துவிட்டாள். செல்வினின் தங்கை. அன்று கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவள், இன்று காதோரம் இரண்டு நரை.

"அம்மா போன வருஷம் தவறிட்டாங்கக்கா" என்றாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். மடிப்பில் கிழிந்திருந்தது. "அம்மாவோட பைபிள்ல இருந்துச்சு. இது என்னன்னு உங்களுக்குத்தான் தெரியும்னு எடுத்துட்டு வந்தேன்."

எனக்குத் தெரியும். தைராய்டுப் புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் குடிக்கக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் தரும் அட்டை அது. சில வாரம் வரை அவர்கள் உடம்பிலிருந்தே கதிர்வீச்சு வரும். குழந்தைகள், கர்ப்பிணிகள் அருகில் போகக் கூடாது. தனியாகப் படுக்க வேண்டும். தட்டு, டம்ளர் தனியாக. மேலே செல்வினின் பெயர். அந்த வருடம். டிசம்பர்.

பாலில் நான் வாரா வாரம் தேடி, ஒரு தடவைகூடக் கண்ணில் படாத அயோடின். கண்ணைக் கட்டிவிட்டாலும் கண்டுபிடிப்பேன் என்று நான் பீற்றிக்கொண்ட அந்தச் சுரப்பி. அவன் காலர் பட்டனைப் பார்த்து நான் பாஸ்டரா என்று கேட்டேன்.

"ஏன் ஜெபா என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"அம்மா கடைசில ஒத்துக்கிட்டாங்கக்கா. உங்க வீட்டுக்கு வந்து பேசறதுக்கு நாள்கூட பாத்தாச்சு. அந்த வாரந்தான் டாக்டர் அண்ணன் கழுத்துல இருந்த கட்டிய சோதிச்சிட்டு, ஆபரேஷன் பண்ணணும்னு சொன்னாரு. அண்ணன் எங்க வாயக் கட்டிட்டாரு. 'இது வெளிய தெரிஞ்சா, அணு ஒலைல வேல பாக்கற பொண்ணு கூட சுத்தினான், அதான் கேன்சர் வந்துச்சுன்னு குவார்ட்டர்ஸே அவளச் சொல்லும். அவ அப்பா அம்மா இதே தெருவுல நடக்கணும். நான் அவள விட்டுட்டேன்னே இருக்கட்டும்'னாரு."

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது, அணைக்கத் தோன்றவில்லை. ஜெபாதான் போய் அணைத்தாள்.

"அந்த டிசம்பர்ல பெட்ரோமாக்ஸ் எல்லாம் எங்க வச்சிருந்தீங்க?" என்று கேட்டேன். அவளுக்கு விநோதமாக இருந்திருக்கும்.

"பெட்ரோமாக்ஸா? அந்த வருஷம் சர்ச்சுல பேட்டரி லைட் வாங்கிட்டாங்களே. அண்ணன் கேரல்ஸுக்கே போகலையே. ஆஸ்பத்திரில தனி ரூம்ல வச்சிருந்துட்டு அனுப்புனாங்க. வீட்லயும் தனியா இருக்கணும்னு முன் ரூம காலி பண்ணிக் குடுத்தோம். அங்க இருக்கவே மாட்டேன்னுட்டாரு. விடிஞ்சா பின்னாடி கொய்யா மரத்தாண்ட சேர். மரத்துல சாஞ்சிக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் அங்கயேதான். அம்மா தூரத்துல நின்னு அழுவாங்க, பனி இறங்குது, உள்ள வாலேன்னு. வர மாட்டாரு."

"ஏனாம்?"

"என்னமோ சொன்னாரு. அப்ப எனக்குப் புரியல, மருந்து மயக்கத்துல உளறாருன்னு நெனச்சேன். 'நான் இப்ப யுரேனியம் ஆயிட்டேன் ஜெபா. முன்னாடி இது என்னைக் கண்டுக்காதாம். இப்ப கண்டுக்கும். மேரி வந்து படிப்பா, படிச்சா ஓடி வந்துருவா'ன்னாரு."

யுரேனியம் இல்லை, அயோடின். அதைத் திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியது பாருங்கள், இத்தனைக்கும் நடுவில்.

தரையிலிருந்து ஒரு மீட்டர். நான்தான் அளந்து கோடு போட்டேன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால் ஒருவருடைய கழுத்து வரும் உயரம் அது. சொல்லக் கூடாது என்று முடிவு செய்தவன், சொல்லாமலும் இருக்க முடியாமல், காலையிலிருந்து மாலை வரை அந்தப் பேட்ஜில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். விதிப்படி மீட்டரை எடுத்துக்கொண்டு நான் வந்து நிற்பேன் என்று நம்பியிருக்கிறான். ஜனவரியில் நாகராஜ் அண்ணனைப் பார்த்ததும் நானும் வந்திருப்பேன் என்று எழுந்திருக்கவும் செய்திருப்பான். நான் தெருமுனையில் ஜீப்பில் உட்கார்ந்திருந்தேன்.

என் வாழ்க்கையில் எனக்கு வந்த ஒரே காதல் கடிதத்தின் மேல் நிராகரிக்கவும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

ஒரு கேள்வி

செல்வின் நன்றாக இருக்கிறான். கழுத்தில் ஒரு தழும்பு, காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். சில வருடங்கள் பார்த்துவிட்டு அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். ஒரு பெண் குழந்தை. மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் கட்டிக்கொண்டானாம். ஜெபா போட்டோ காட்டினாள். முடி கொட்டியிருக்கிறது. பெண் கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குகிறாள், அப்படியே அவன்.

"போன் போட்டுத் தரட்டுமாக்கா?"

வேண்டாம் என்றேன். என்ன பேசுவேன்? அழுதுவிடுவேன், பிறகு அழுததற்காகக் கோபப்படுவேன். அந்தக் குழந்தையின் வீட்டுக்குள் என் அழுகை போக வேண்டாம்.

"அப்ப நான் என்ன சொல்லட்டும்?"

யோசித்தேன். "பேட்ஜைப் படிச்சேன்னு சொல்லு. தப்பாப் படிச்சேன்னும் சொல்லு. இப்பதான் சரியாப் படிச்சேன்னு சொல்லு."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். அட்டையை நான் கேட்கவில்லை, அவளாகவே மேஜையில் விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

அடுத்த நாள் மாலை லேபிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தபோது ஜெபா அழைத்தாள். அண்ணனிடம் சொல்லிவிட்டாளாம். அவன் ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னானாம்.

"எவ்ளோ காட்டுச்சுன்னு கேக்குறாருக்கா."

கோடு போட்டு அடித்த எண் அது. பதிவேட்டைப் பார்க்காமலே சொல்லுவேன். ஆனால் அவனுக்கு எங்கள் அலகெல்லாம் எதற்கு?

"அந்த மரத்தடியில எப்பவும் இருக்கறத விட இரண்டரை மடங்குன்னு சொல்லு."

பஸ் பூந்தமல்லியை நெருங்கும்போது அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அவன் எழுதியதை அப்படியே அனுப்பியிருந்தாள்.

"கம்மியா காட்டிகீது."